பீடத்தின் மேல் ஏறிய லாரி

போன மாதம் சிறுசேரி கம்ப்யூட்டர் ஆபீஸ் பிள்ளைகள் நாலைந்து பேர், குடும்பத்தோடு ராஜஸ்தான் போக என்னிடம் வண்டி கேட்டு வந்தார்கள். செல்போனில் படம் போட்டுக் காட்டினார்கள். இங்கே ஒரு ராத்திரி, அங்கே ஒரு ராத்திரி, நடுவில் ஒட்டகச் சவாரி, மணலில் கூடாரம், கூடாரத்துக்குள் ஏசி. "பாலைவனத்துல எல்லாம் உங்க டிரைவருங்க ஓட்டுவாங்களாம்மா?" என்று ஒரு பையன் சந்தேகமாகக் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. டிரைவர் கிடக்கட்டும். அந்தப் பாலைவனத்துக்கு நான் போனபோது அவனுடைய அப்பா அரைக்கால் சட்டை கூடப் போட்டிருக்க மாட்டார். எங்களுக்குக் கூடாரமும் இல்லை, ஏசியும் இல்லை. லாரியின் முன்பக்கம் நாங்கள் நாலு பேர், பின்பக்கம் ஒரு முருகன்.

நான் அஞ்சாவது வரைதான் படித்தவள். ஆனால் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் ரோட்டோரம் நின்று எதிரே வருகிற வேன்களைப் பாருங்கள். பாதி என் வண்டியாக இருக்கும். ஒருத்தர் தயவிலும் வந்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் கிடையாது. ஒன்றும் சம்பாதிக்காதவர்கள் அடக்கமாக இருந்துகொள்ளட்டும்.

எங்கள் ஊர் செய்யூருக்குப் பக்கம். அப்பாவும் பெரியப்பாவும் கூட்டாக வாங்கிய பழைய லாரி ஒன்று இருந்தது. சவுக்குக் கட்டை ஏற்றுவார்கள், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றுவார்கள். அப்பா ஓட்டுவார். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து அதிகாரம் செய்வார். அதுவும் ஒரு வேலைதான், எல்லோருக்கும் வராது. அம்மா உப்பளத்துக் குடும்பத்துப் பெண். அப்பா தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தவள். பெரியப்பா அவளை உறவு சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே 'இந்தாம்மா', முதுகுக்குப் பின்னால் 'உப்பளத்துக்காரி'.

அந்தக் கோடையில் எங்கள் லாரிக்கு ஒரு பெரிய லோடு வந்தது. ராஜஸ்தான் எல்லையில் மணலுக்கு நடுவே ஒரு ராணுவ முகாம். அங்கே காவல் இருந்த நம்மூர்ச் சிப்பாய்கள் ஒன்று சேர்ந்து முருகனுக்குச் சின்னதாக ஒரு கோயில் எழுப்பி, மாமல்லபுரத்து ஸ்தபதி ஒருவரிடம் சிலை சொல்லியிருந்தார்கள். ஸ்தபதி ரயிலில் போய்விடுவார். முருகன், மயில், நாலு கல் தூண், பீடம் எல்லாம் எங்கள் வண்டியில் போக வேண்டும்.

பள்ளிக்கூடம் லீவு. "நானும் வரேன், பொண்ணயும் இட்டாரேன்" என்றாள் அம்மா. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் பார்த்த தூரதேசம் மதுராந்தகம்தான்.

"பொம்பள ஏறுன லோடு லாரி ஊரு போய்ச் சேராது" என்றார் பெரியப்பா.

"ஏன் மாமா, நான் ஏறுனா வண்டி வெக்கப்பட்டு நின்னுடுமா?" கணவனின் அண்ணனை எங்கள் பக்கம் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

வாசலில் கூடியிருந்த சொந்தக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் பெரியப்பாவுக்குச் சுருக்கென்று தைத்தது. எல்லோர் எதிரிலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். "அப்ப ஒண்ணு. ஸ்தபதி குடுத்த சாமி ஒயுங்கா அங்க போய்ச் சேந்து நிக்கணும். நிக்கல, வண்டி என் ஒருத்தன் வண்டி. என் தம்பி அதுல கூலிக்கு டிரைவரு. அவ்ளோதான்."

அப்பா குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அண்ணன் பேசும்போது டயரில் எப்போதும் ஏதாவது வேலை இருக்கும்.

"சரி. நின்னுட்டா?" என்றாள் அம்மா.

"நின்னுட்டா நீயே வெச்சிக்க வண்டிய. நான் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்க மாட்டேன்."

சிலையை ஏற்ற மாமல்லபுரத்துப் பட்டறைக்குப் போனோம். முருகன் வைக்கோலில் படுத்திருந்தார். முகத்தில் மூக்கு இருந்தது, உதடு இருந்தது, கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடம் மழமழவென்று மூடியிருந்தது. நான் பயந்து அம்மாவின் பின்னால் ஒதுங்கினேன். அங்கே வேலை செய்கிறவர்களோ சிலைக்கு மேலே சட்டையை மாட்டியிருந்தார்கள், மயிலின் முதுகில் டிபன் டப்பாவை வைத்திருந்தார்கள். பீடம் முழுசாக இல்லாமல் பலகை பலகையாக, ஒன்றன் மேல் ஒன்று அடுக்குகிற கற்களாக இருந்தது. அந்தக் கல் ஒன்றில் பெரியப்பாவே உட்கார்ந்து டீ குடித்தார். கும்பிட வேண்டாமா என்று அம்மா கேட்டபோது ஸ்தபதி சொன்னார், "கண்ணு தொறக்கிற வரைக்கும் கல்லுதாம்மா. அத கடைசியா நான் அங்க வந்து தொறப்பேன். அப்புறம் நானே தொட முடியாது." முருகன் முகத்தில் ஒரு துணியைக் கட்டி ஏற்றிவிட்டார்கள்.

வழியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. ஆந்திராவில் ஒரு புளியமரத்தடியில் சமைத்தோம், நாகபுரிக்குப் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கில் துணி துவைத்தோம், இந்தூர் தாண்டி ஒரு சத்திரத்தில் அம்மா கருவாடு சுட, சத்திரத்துக்காரர் தடியோடு வந்தார். அம்மா அடுப்பை அணைக்கவில்லை. அடுப்பைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டுக்குப் போய், அங்கே உட்கார்ந்து சுட்டு முடித்துத்தான் எழுந்தாள். "ரோடு அவங்கப்பன் வூட்டுதா?" என்றாள். பெரியப்பா அவளைத் தெரியாதவர் மாதிரி நின்றுவிட்டு, வாசனை வந்ததும் தட்டோடு வந்தார். அவருக்கு அச்சா என்ற ஒரே இந்திச் சொல்தான் தெரியும். அதை வைத்தே பாதி இந்தியாவைச் சமாளித்தார்.

ஜோத்பூர் தாண்டிய பிறகு மரம் குறைந்தது. பிறகு மரம் என்ற பேச்சே இல்லை. எங்கள் கடற்கரை மணலைத்தான் நான் அறிவேன். எவ்வளவு மணல் இருந்தாலும் அதன் முடிவில் தண்ணீர் இருக்கும். இங்கே ஒரு மேட்டைத் தாண்டினால் இன்னொரு மேடு. ஒவ்வொரு மேட்டிலும் கடல் தெரியுமா என்று எக்கிப் பார்த்து ஏமாந்தேன். அம்மா ஈரத் துணியை என் தலையில் போடுவாள். ரோட்டோரப் பலகையில் ஊர் பேர் படித்து முடிப்பதற்குள் அது காய்ந்துவிடும்.

பாலோத்ரா என்கிற ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோட்டை மணல் மூடியிருந்தது. காற்று கொண்டுவந்து கொட்டிய மணல், ஆள் உயரத்துக்கு. ஒட்டகக்காரர் ஒருவர், ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் போக வேண்டும் என்று கையால் காட்டினார். மறுநாள் விடிகாலையில் சாமிக்குக் கண் திறக்கிற முகூர்த்தம். எல்லோரும் இறங்கி நின்றோம். அப்போதுதான் அம்மா அதைப் பார்த்தாள். மணல்மேட்டுக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு வெளி, தட்டு மாதிரி சமமாக, ரோடு மறுபடி தெரிகிற இடம் வரைக்கும் போனது. அவள் போய்க் குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு. எங்க வூட்டு உப்பு."

வழி தெரியாத ஊரில் சொந்தக்காரரைப் பார்த்தவள் மாதிரி அவள் முகம் மலர்ந்ததை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை. உள்ளே நடந்து போய்க் குதிகாலால் ஓங்கி மிதித்தாள். கெட்டியாக இருந்தது. ஒட்டகம் போன தடம் கூட இருந்தது. "உப்புப் பாத்தி மேல மாட்டு வண்டியே போவும்யா. நான் பொறந்ததுலர்ந்து இது மேலதான் நடந்துகினு இருந்தேன். ஓட்டு" என்றாள் அப்பாவிடம்.

"அண்ணாத்த, இன்னா சொல்ற?" என்று அப்பா கேட்டார்.

"நான் ஒண்ணும் சொல்லல. அவதான் சொல்றா. எல்லாரும் கேட்டுக்கங்க, அவதான் சொல்றா" என்றார் பெரியப்பா. கேட்பதற்கு அங்கே ஒட்டகக்காரரும் ஒட்டகமும்தான் இருந்தார்கள்.

எங்கள் ஊர் உப்பளத்தில் பாத்தியின் அடிமண்ணை ஆட்கள் வரிசையாக நின்று நாள்கணக்கில் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். அதனால்தான் அது தாங்கும். அந்தப் பாலைவனத்து உப்பை ஒருவரும் மிதிக்கவில்லை. அது தானாக விளைந்த உப்பு, மேலே ஒரு தோல் மட்டும். உப்பளத்தில் பிறந்தவளைத் தவிர வேறு யாரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள். கொஞ்ச தூரம் மெத்தென்று போன லாரி, அப்பளம் உடைகிற சத்தத்தோடு பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. பின் டயரைச் சுற்றிக் கன்னங்கரேலென்று சேறு பொங்கியது.

பெரியப்பா இறங்கி, சுற்றி வந்து பார்த்து, துண்டை விரித்து உப்பின் மேல் உட்கார்ந்தார். "வண்டி என்னுது" என்றார். அவ்வளவு நிம்மதியாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஆமா, நான்தான் சொன்னேன். தப்பாதான் சொன்னேன். இப்ப இன்னான்றீங்க? குந்திகினு ஒப்பாரி வெக்கலாமா, வண்டிய எடுக்கலாமா?"

டயருக்கு அடியில் கொடுக்கக் கெட்டியாக ஏதாவது வேண்டும். அந்த வெளியில் ஒரு கட்டையில்லை, ஒரு கூழாங்கல் இல்லை. அம்மா நாலு பக்கமும் பார்த்தாள். கடைசியாக லாரியின் பின்பக்கம் பார்த்தாள். தூண்களை மூன்று பேர் அசைக்க முடியாது. மயில் உருண்டை. பீடத்துக் கற்கள்தான் தட்டையாக, வழுவழுவென்று, டயருக்கென்றே செதுக்கியது மாதிரி இருந்தன.

பெரியப்பா துண்டை விட்டு எழுந்துவிட்டார். "இந்தாம்மா, அது சாமி நிக்கிற பீடம்."

"கண்ணு தொறந்தாதான் சாமி. அது மேல குந்திகினு நீங்க டீ குடிச்சீங்களே, அப்ப அது பெஞ்சா?"

"குந்தறது வேற, லாரி ஏத்தறது வேற."

"எதுல வேறன்றீங்க? கல்லுக்கு உங்க குண்டிக்கும் டயருக்கும் வித்தியாசம் தெரியுமா?"

அப்பா டயர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தார் என்று எனக்குத் தெரியும், தோள் குலுங்கியது.

அம்மாவும் அப்பாவும் நெம்புவதற்கென்று லாரியில் வைத்திருந்த சவுக்குக் கம்பைச் சரிவாகச் சாத்தி முதல் கல்லை வழுக்கி இறக்கினார்கள். சேற்றில் போட்டு டயருக்கு முட்டுக் கொடுத்தார்கள். அப்பா ஸ்டீரிங்குக்குப் போனதும் அடுத்த கல்லை அம்மா ஒருத்தியாகவே நெம்ப ஆரம்பித்தாள். பெரியப்பா கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு, "ஒரு பொம்பள தனியா நெம்புறத பாத்துகினு நிக்கிற வம்சம் இல்ல எங்க வம்சம்" என்று யாருக்கோ சொல்லிவிட்டு வந்து கம்பைப் பிடித்தார். ஒவ்வொரு கல்லையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "முருகா, நான் இல்ல, இவதான்" என்று சொல்லிவிட்டுத்தான் டயருக்கு அடியில் தள்ளினார். எனக்கும் வேலை இருந்தது. டயர் கல்லைக் கவ்வுகிறதா, வழுக்குகிறதா என்று அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி கத்த வேண்டும். நான் கத்திய கத்தில்தான் லாரி வந்தது என்று அப்பா பின்னாளில் சொல்வார். அது உண்மைதான்.

பின்னோக்கி, ஒரு கல் தாண்டி அடுத்த கல், மறுபடி எடுத்து வைத்து மறுபடி ஏறி, பொழுது சாய்வதற்குள் லாரி கெட்டி மண்ணுக்கு வந்துவிட்டது. ஒட்டகக்காரர் தன் ஆட்களைக் கூட்டி வந்து ரோட்டு மணலை ஓரமாக ஒதுக்கக் கை கொடுத்தார். அந்த ரோட்டு வழியாகவே வண்டி மேட்டைத் தாண்டியது. அதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று யாரும் அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்க விடுகிற முகமாக அவள் முகம் இல்லை.

ஆனால் அடிக்கல் ஒன்றின் மூலை உடைந்திருந்தது. மற்றதிலெல்லாம் டயர் ஏறிய கறுப்பு. அம்மா மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்தாள். கறுப்பு மங்கியது, மூலை வளரவில்லை. பெரியப்பா என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "கண்ணு தொறந்ததும் மொத பார்வை நெருப்புடி. யாரு தன் பீடத்துல வண்டி ஏத்துனாங்கன்னு தேடிப் பாப்பாரு. அங்க போனதும் நான் உண்மைய சொல்லிடுவேன். பொய் சொன்ன பாவம் எனக்கு வேணாம்."

ராத்திரி முகாம் வாசலில் சிப்பாய்கள் ஓடி வந்து லாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் நம்பர் பலகையில் இருந்த தமிழ் எழுத்தை ஒருவர் கையால் தடவிப் பார்த்தார். பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். அதற்குள் அம்மா கேபினிலிருந்து குதித்து இறங்கினாள். "இங்க பெரியவரு யாரு?" என்று கேட்டு, நரைத்த மீசையோடு முன்னால் வந்த சுபேதாரிடமும், பக்கத்தில் நின்ற ஸ்தபதியிடமும், உப்பில் இறங்கியதிலிருந்து மூலை உடைந்தது வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். சொல்லுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் பெரியப்பா கனைத்த தொண்டையோடு நின்றார்.

ஸ்தபதி முருகன் முகத்துத் துணியை அவிழ்த்துப் பார்த்தார். கீறல் இல்லை. பீடத்துக் கல்லைத் தடவிப் பார்த்தார். "ஒடஞ்சத பின்பக்கம் திருப்பி வெச்சிடலாம். கல்லு கல்லாத்தான் இருந்திருக்கு. ஆனா இதுல நிறுத்தலாமான்னு கும்பிடுறவங்கதான் சொல்லணும்."

சுபேதார் குனிந்து உடைந்த மூலையைத் தொட்டுப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா இது எல்லை. நாளைக்கு எவனுக்காவது ஒண்ணு ஆச்சுன்னா, எல்லாப் பசங்களுக்கும் இந்தக் கல்லுதான் ஞாபகம் வரும். அதை நான் எப்படித் தாங்குறது?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா முந்திக்கொண்டார். "கண்ணு தொறந்ததும் கண்ணாடி காட்டுவீங்க, பசு காட்டுவீங்க, அப்புறம் ஒரு கன்னிப் பொண்ண நிறுத்துவீங்க இல்ல? சாமிக்குக் கோவம் இல்லன்னு இவளுக்கு அவ்ளோ நிச்சயமா இருந்தா, எதிர்ல தன் பொண்ண நிறுத்தச் சொல்லுங்க."

முகாமில் வேறு பெண்குழந்தையும் கிடையாது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

முகாமுக்கு வந்து அப்பா அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தார். "வேணாம்."

"வண்டி வேணாமா உனக்கு?" என்றாள் அம்மா.

"பொண்ணு வேணும் எனக்கு."

"பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது." சுபேதார் பக்கம் திரும்பினாள். "என் பொண்ணுதான் நிக்கும். அதுக்கு ஒண்ணும் ஆவலன்னா உங்க பசங்களுக்கும் ஆவாது. சரியா?"

சுபேதார் தலையசைத்தார்.

விடிகாலையில் கோயிலுக்கு முன்னால் முகாமே கூடியிருந்தது. பசுவுக்காகப் போனவர்கள் வர நேரமாகி, ஒட்டகம் இருக்கிறதே, போதாதா என்று ஒரு சிப்பாய் கேட்டார். "முருகன் மொத மொதல்ல கண்ணத் தொறந்து ஒட்டகத்தப் பாத்தா, மறுபடி மூடிக்குவாரு" என்றார் ஸ்தபதி. ஒருவழியாகப் பசு வந்தது. திரை போட்டார்கள். உள்ளே உளியின் சத்தம், எறும்பு கடிக்கிற மாதிரி, கொஞ்ச நேரம். திரை விலகியது. கண்ணாடி காட்டினார்கள், பசுவைக் காட்டினார்கள். பிறகு என்னை முன்னால் விட்டார்கள்.

என்னை யாரும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. நான் மூடவும் இல்லை. 'ஆமா, ஏத்தினோம், இன்னா இப்ப?' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இமைக்காமல் முறைத்தேன். அம்மா எனக்குப் பின்னால் வந்து என் இரண்டு தோளிலும் கை வைத்து நின்றாள். முருகன் பார்த்தார். நெருப்பு வரவில்லை. யாரோ அரோகரா என்றார்கள், பிறகு எல்லோரும் சொன்னார்கள். பெரியப்பா நெடுஞ்சாண்கிடையாக மணலில் விழுந்தார். திரும்பி வரும்போது கேபினில் உட்கார மாட்டேனென்று காலி லாரியின் பின்பக்கம் தனியாக உட்கார்ந்து வந்தார். சொன்ன சொல்லை மீறவில்லை, வண்டி எங்களுக்கு வந்தது. அந்த லாரியில்தான் நான் ஸ்டீரிங் பிடித்தேன்.

முருகனையே முறைத்துப் பார்த்தவள் நான் என்று இன்றுவரை சொல்லித் திரிகிறேன். பொம்பளைக்கு எதுக்கு லைசென்ஸ் என்று கேட்ட அதிகாரியிடமும் சொன்னேன். பொய்யில்லை, நான் முறைத்தது நிஜம். அவர் என்னைப் பார்த்தாரா என்பது வேறு கதை. பீடம் என் இடுப்பளவு. அதன் மேல் அவர் நின்றார். அவருடைய கண் என் தலைக்கு மேலே, எனக்குப் பின்னால் நின்ற அம்மாவின் முகத்துக்கு நேர் எதிரே இருந்தது. அதெல்லாம் அன்றைக்கு எனக்கு எங்கே தோன்றியது. சாமிக்கு நான் தெரிய வேண்டுமே என்று குதிகாலைத் தூக்கித் தூக்கி எக்கினேன். எக்கும்போதெல்லாம் அம்மாவின் கைகள் என் தோளை அழுத்தித் தரையில் இறக்கின. வலிக்கிற மாதிரி அழுத்தினாள். நான் ஜெயிப்பது அவளுக்கே பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, பாலோத்ரா வந்து சேர்கிற வரைக்கும் அவளோடு நான் பேசவில்லை.